வாப்பாவின் கழுத்துப்பட்டை

மர்ஹூம் வாப்பா அவர்கள் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை, அவர்கள் மறைந்து சில மாதங்கள் சென்ற பின்னரே நாம் திறந்தோம். இரண்டு கைலிகள், ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு. அவற்றின் அடியில், பழந்துணியில் சுற்றி வைத்த ஒரு டை. கருஞ்சிவப்பு நிறம். அதில் பெரிய பெரிய மாங்காய் உருவங்கள்.

அதைக் கண்டதும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டோம். காரணம் உண்டு.

வாப்பா 1955இல், இருபது வயதில், கப்பலேறினார்கள். 1958இல் பாட்டியார் ஆறு மாதம் நோயில் கிடந்து மௌத்தானார்கள். அந்த ஆறு மாதமும் சிங்கப்பூரிலிருந்து காசு வரவில்லை என்பது பெரிய வாப்பாவின் கூற்று. "உம்மா மருந்துக்கு வழியின்றிக் கிடக்கையில் தம்பி டை கட்டிப் படம் பிடித்து அனுப்பினான்" என்று சொல்லி, அந்தப் படத்தையும் காட்டுவார்கள். கோட்டின் பொத்தானைத் திறந்துவிட்டு, மாங்காய் போட்ட டையுடன் வாப்பா நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. படம் பெரிய வாப்பா வீட்டிலேயே இருந்தது. நம்மூர் வழக்கப்படி உம்மா தம் தாய்வீட்டிலேயே வாழ்ந்தவர்களாதலின், அது எப்போது வந்தது என்று சொல்ல அவர்களுக்கும் இயலவில்லை.

இதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். மதரஸாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பதினெட்டாம் வயதில், வாப்பா ஒருநாள் உணவு வேளையில் சிக்கனம் பற்றி ஏதோ சொன்னார்கள். "டை கட்டிய கழுத்துக்குச் சிக்கனம் பேசத் தகுமா?" என்று நாம் கேட்டுவிட்டோம். வாப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அதன்பின் அதைப் பற்றி ஒரு சொல்லும் அவர்கள் வாயிலிருந்து வந்ததில்லை.

பெட்டியிலிருந்த டையை மீண்டும் கையில் எடுத்தபோது, ஃபிக்ஹு படித்த பழக்கம் முந்திக்கொண்டது. பட்டா, அல்லவா என்றுதான் முதலில் தடவிப் பார்த்தோம். ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது. நான்கு விரல் அகலம் மட்டுமே சலுகை என்பது நம் நூல்களில் உள்ளது. கைக்கு விளங்கவில்லை. ஆதலின், சிங்கப்பூரில் நெடுங்காலம் கோட்டுத் தைத்துவிட்டு ஊர் திரும்பியிருந்த தையற்கார முதியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம்.

அவர் டையைப் புரட்டி, உட்தையலிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் காட்டினார். "பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும், மௌலவி, விரலால் தேய்த்தால் சாம்பல் தூளாகும். ரேயான் காகிதம் போல எரியும். இதைப் பாருங்கள்." நூல் உருகிச் சுருண்டு, முனையில் கடுகு போன்ற கெட்டி மணியாக நின்றது. "பாலியஸ்டர்" என்றார்.

பிறகு நாடாவை வைத்து அளந்தார். அகலமான முனை நாலரை அங்குலம். "இது எந்தக் காலத்து டை என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். "1958" என்றோம். அவர் சிரித்தார். "அந்த ஆண்டு இதைக் கட்டிக்கொண்டு போயிருந்தால் ஊரே திரும்பிப் பார்த்திருக்கும்."

அன்று அவர் சொன்னதையும், பின்னர் நாம் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்கு வந்த குரோஷியப் படைவீரர் கழுத்தில் கட்டிய துணியிலிருந்து தொடங்குகிறது டையின் வரலாறு. இன்று நாம் காணும் வடிவம் 1920களில் அமைந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்பவர் துணியை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்கும் முறையைக் கண்டார். முடிச்சை அவிழ்த்ததும் டை முறுக்கின்றித் தன் நிலைக்குத் திரும்புவது அதனால்தான்.

அதன்பின் அகலம் ஏறி இறங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் நாலங்குலத்துக்கும் மேல் அகலமான, ஆரவாரமான டைகள் வந்தன. 1950களில் அவை மெலியத் தொடங்கி, 1960களின் தொடக்கத்தில் இரண்டங்குலம் வரை ஒடுங்கின. 1960களின் பிற்பாதியில் இலண்டனில் மைக்கேல் ஃபிஷ் என்ற வடிவமைப்பாளர் மீண்டும் பரந்த டையைக் கொணர்ந்தார். அவர் பெயர் மீன் என்று பொருள்படுவதால், பிளந்து புகையிட்ட மீனின் பெயரால் அதைக் 'கிப்பர்' என்றனர். 1970களில் அது ஐந்தங்குலம் வரை விரிந்தது. 1980களில் மூன்றங்குலத்தருகே வந்து நின்றது.

ஆக, நாலரை அங்குல அகலத்துக்கு இரண்டு காலங்கள் உண்டு: போர் முடிந்த ஆண்டுகள், அல்லது 1960களின் இறுதி தொட்டு 1970கள். இரண்டில் எது என்பதை நூல் சொல்லிவிடுகிறது. பாலியஸ்டர் இழையை இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டது 1941இல். கடைக்கு வந்ததோ 1950களில்தான். முந்திய காலத்து அகல டையில் அது இருக்க வழியில்லை. நீளமும் ஒத்து வந்தது. கால்சட்டையை இடுப்புக்கு மேலே உயர்த்தி அணிந்த 1940களின் டைகள் குட்டையானவை, இது நீளமானது.

உருவத்தை மட்டும் பார்த்து ஆண்டு சொல்லலாகாது என்றும் அம்முதியவர் எச்சரித்தார். அது முற்றிலும் உண்மை. நம் பெண்மக்கள் சேலையில் காணும் இந்த மாங்காயைப் பாரசீகர் 'பூத்தா', அதாவது செடி, என்றனர். காஷ்மீரச் சால்வையில் ஏறி ஐரோப்பா சென்று, 19ஆம் நூற்றாண்டில் அதைப் போலிசெய்து நெய்த ஸ்காட்லாந்து ஊரான பெய்ஸ்லியின் பெயரையே பெற்றுவிட்டது. நூற்றாண்டுகளாக மறையாத உருவம் எந்த ஆண்டுக்குச் சாட்சி சொல்லும்? அகலம், நீளம், இழை, தையல், முத்திரைத் துணி ஆகிய யாவும் ஒருமித்துச் சொன்னாலன்றி ஏற்கலாகாது. அமெரிக்க டையாயின், முத்திரையிலுள்ள முகவரியில் ஐந்திலக்க அஞ்சல் எண் இருந்தால் அது 1963க்கு முற்பட்டதன்று.

இவற்றைக் கேட்கக் கேட்க, நாம் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லும் வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் ஓர் ஆவணம் வெளிவந்தது. கைபர் மக்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜிஸ்யா வரியை விலக்கியதாக அது கூறிற்று. அறிஞர் கதீபுல் பக்தாதீ (ரஹ்) அதைப் பார்த்ததும், இது போலி என்றார்கள். ஏன்? சாட்சியாக முஆவியா (ரலி) அவர்களின் பெயர் இருந்தது. அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது ஹிஜ்ரி 8இல், கைபரோ 7இல். இன்னொரு சாட்சி ஸஅது பின் முஆத் (ரலி); அவர்கள் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகளாக இதை ஓதிக்கொடுத்த நாம், நம் வீட்டுச் சாட்சியின் ஆண்டை ஒருமுறையேனும் கேட்டோமா?

டையை எடுத்துக்கொண்டு பெரிய வாப்பாவின் மகன் வீட்டுக்குச் சென்றோம். படத்தை வாங்கி அருகில் வைத்துப் பார்த்தோம். டையின் கூர்முனையில் ஒரு மாங்காய் பாதியாக வெட்டுண்டிருந்தது, படத்திலும் அவ்வாறே. சாய்வாக வெட்டும் துணியில் உருவம் டைக்கு டை வேறிடத்தில் விழும். ஐயமில்லை, அதே டைதான். கோட்டின் கழுத்து மடிப்பும் அதற்கேற்ப அகலமாக இருந்தது.

"காக்கா, இந்தப் படம் பாட்டியார் மறைந்து பத்தாண்டாவது கழித்து எடுத்தது" என்று விவரங்களைச் சொன்னோம்.

காக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் வாப்பா பொய் சொல்பவரல்ல, தம்பி" என்றார்.

"பொய் என்று யார் சொன்னார்கள், காக்கா? நம்பகமான அறிவிப்பாளருக்கும் மறதி நேரும் என்றுதானே ஹதீஸ் கலை நமக்குக் கற்பிக்கிறது? உம்மாவை இழந்த துக்கமும், பின்னால் வந்த படமும் பெரிய வாப்பாவின் நெஞ்சில் ஒன்றாகிவிட்டன."

வாசகர்களே, இதனால் எது நிறுவப்பட்டது என்பதில் நாம் நேர்மையாக இருத்தல் வேண்டும். 1958இல் வாப்பா காசு அனுப்பினார்கள் என்பதற்கு இந்த டை சாட்சியன்று. அனுப்பாமலும் இருந்திருக்கலாம், அனுப்பியது வந்து சேராமலும் போயிருக்கலாம். அது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். தாய் நோயில் கிடக்க மகன் அலங்கரித்துத் திரிந்தான் என்ற குற்றச்சாட்டுக்கு இருந்த ஒரே சாட்சி வீழ்ந்தது, அவ்வளவே. ஆனால் நாம் அந்த ஒரே சாட்சியைக் கொண்டுதானே தீர்ப்பு வழங்கினோம்?

விடைபெறும்போது காக்கா, "இனிப் பேரப்பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லமாட்டேன்" என்றார். பல்லாண்டுகளாகப் பெருநாளில் மட்டுமே மிதித்த அவ்வீட்டு வாசலில், அன்று தேநீர் அருந்திவிட்டே வந்தோம்.

வாப்பா ஏன் மறுத்துப் பேசவில்லை? பேசியிருந்தால், படம் வந்த காலத்தை அண்ணன் தவறாகச் சொல்கிறார் என்று ஊரறியச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அஞ்சினார்களோ என்னவோ. டையை எறியாமல் காத்து வைத்தார்களே, அதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

பதினெட்டு வயதில் நாம் சொன்ன சொல்லுக்குப் பரிகாரமில்லை. வெள்ளிதோறும் கபுருக்குச் சென்று ஸலாம் சொல்லி, துஆச் செய்து வருகிறோம். டையை மீண்டும் அதே துணியில் சுற்றி, அதே பெட்டியில் வைத்துவிட்டோம். உடன் ஒரு தாளில், அது எக்காலத்தது, அதை எவ்வாறு அறிந்தோம் என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம்.