பிறர் நூற்ற நூல்

"பெண்களுக்கு நூல் நூற்கக் கற்றுக்கொடுங்களேன்" என்று நீலகிரியின் லைன் வீடுகளில் வேலை செய்யும் எங்களிடம் சிலர் சொல்வதுண்டு. கற்றுக்கொடுக்கலாம். பருத்தி இழை குட்டை. கனமான கதிரில் தொங்கவிட்டால் அறுந்துவிடும். அதனால் தக்ளியின் நுனியைத் தட்டில் ஊன்றிச் சுழற்றுவார்கள். ஆட்டு ரோமம் நீளமானது. தொங்கும் கதிரையும் தாங்கும். இரண்டிலுமே முறுக்கேறிய நூலைச் சுற்றி வைக்க, நூற்பதை நிறுத்த வேண்டும். ராட்டையில் சக்கரம் கதிரை வேகமாகச் சுழற்றும். தமிழரான ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்காவில் ஒரே நேரத்தில் பல கதிர்கள் ஓடும்.

எந்தக் கதிரானாலும் எங்கள் கேள்வி ஒன்றுதான்: நூற்பவருக்கு என்ன கிடைக்கும்?

1924 பெல்காம் காங்கிரஸ், உறுப்பினராக மாதம் 2,000 கெஜம் நூல் கேட்டது. நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம் என்றும் வழிவிட்டது. அந்தப் 'பிறர்' வயிற்றுக்காக நூற்றவர்கள். 1925இல் அகில இந்திய சர்க்கா சங்கம் தொடங்கியது. நூற்பவருக்கு வாழ்வதற்கேற்ற கூலி வேண்டுமென்று காந்தி அங்கே அழுத்திக் கேட்டது 1935இல். பத்து ஆண்டுகள்!

வசதியுள்ளவருக்கு நூற்பு ஒரு விரதம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். பகலெல்லாம் கொழுந்து பறித்த விரல்களுக்கு அது இன்னொரு வேலை.

ஆகவே தோழர்களே, பயிற்சித் திட்டம் எதுவானாலும் முதல் நாளே கடிகாரத்தோடு உட்காருங்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நூல், அதற்கு என்ன விலை என்று கணக்கிடுங்கள். கொழுந்துக் கூலியின் பக்கத்தில் அதை எழுதி அந்தப் பெண்களிடம் காட்டுங்கள். நூற்பதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.