பசையுள்ள மாப்பிள்ளை

செம்பூர், மும்பை
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

ஏட்டி,

போன்ல சொன்னா பாதியில "சோறு வடிக்கணும்"னு வச்சிருவ. அதான் லெட்டர். உக்காந்து படி.

நம்ம தாராவி மைனி மகளுக்கு மாப்பிள்ளை தகைஞ்சிரும் போலிருக்கு. பையன் கெமிஸ்ட்ரி படிச்சவன், 'கம் கம்பெனி'யில வேலைன்னு தரகர் சொன்னதும் மைனி மொகம் தொங்கிப் போச்சு. "கோந்து விக்கவனுக்கா எம் பொண்ணு?"ன்னு தொண்ணூறடி ரோட்டுக்கே கேக்க மாதிரி சத்தம். "பசையுள்ள இடம்னு சும்மாவா சொல்லுதாங்க, வா பாப்போம்"னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்.

மாட்டுங்காவுல ஒரு ஹோட்டல்ல பொண்ணு பாக்க ஏற்பாடு. டிபன் முடிஞ்சு ஐஸ்கிரீம் வந்துச்சு. பையன் பொண்ணு மொகத்தப் பாக்காம கப்பைத் திருப்பித் திருப்பிப் படிக்கான். மைனி என் தொடையில கிள்ளுதா. அப்புறம் கப்புல போட்டிருந்த சேர்மான நம்பரைக் காட்டி, "ஆன்ட்டி, இந்த 410, 412 ரெண்டும்தான் எங்க பொழப்பு"ங்கான்.

410-ங்கிறது கேரப் மரத்து விதை. ஸ்பெயின், மொராக்கோ, துருக்கின்னு மத்தியதரைக்கடல் ஓரமா வளர்ற மரம். கறுத்த நெத்துக்குள்ள கல்லு மாதிரி விதை. அமிலத்துல போட்டோ வறுத்தோ தோலை உரிச்சு, முளையை எடுத்துட்டு, நடுவுல மிஞ்சுற வெள்ளைப் பருப்பை அரைச்சா அதுதான் கம். ஐஸ்கிரீம்ல இம்புட்டுப் போல சேத்தா, கரண்ட் போய் போய் வந்தாலும் ஐஸ் நறநறன்னு மணல் மாதிரி ஆகாதாம்.

இந்த நெத்தைப் பத்தி நீயும் நானும் சின்னப்பிள்ளையிலயே கேட்டிருக்கோம்டி! ஓய்வுநாள் பள்ளியில கெட்ட குமாரன் கதை சொன்னாங்கள்லா, பன்னி திங்கிற தவிட்டுக்கு ஆசைப்பட்டான்னு? கிரேக்க மூலத்துல அது தவிடு இல்லையாம், கேரப் நெத்துதானாம். அந்தப் பேர்ல இருந்துதான் வைரத்துக்குச் சொல்லுற கேரட்டும் வந்துச்சு. எல்லா விதையும் ஒரே எடைன்னு நம்பி, நம்ம ஊர்ல குன்றிமணி வச்சு நிறுத்த மாதிரி நிறுத்திருக்காங்க. நெசத்துல விதைக்கு விதை எடை மாறும். 1907-லதான் ஒரு கேரட்டுன்னா 0.2 கிராம்னு கட்டிப்போட்டாங்க. பன்னித் தீவனத்துப் பேரைச் சொல்லி இப்ப மித்தி ஆத்துக்கு அந்தப் பக்கம், பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ்ல கோடிக்கணக்குல வைரம் கைமாறுது. மைனி வீட்டுல இருந்து கூப்பிடு தூரம்!

"சரி, இந்த 412?"னு மைனி கேட்டா. பையன் சிரிச்சுட்டே, "கவார், ஆன்ட்டி"ங்கான். நம்ம சீனியவரைக்காய்! இரண்டாம் உலகப்போர்ல கடல் வழி அடைபட்டு கேரப் கம் வராமப் போச்சாம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு அமெரிக்காக்காரன் அப்பத் தேடிப் பிடிச்சதுதான் இது. இப்ப இலுப்பைப்பூவே சர்க்கரை ஆயிட்டு. உலகத்துல விளையிறதுல முக்கால்வாசிக்கு மேல நம்ம நாட்டுலதான், அதுலயும் ராஜஸ்தான்தான் முதல்ல. பாறையை உடைச்சு எண்ணெய் எடுக்கவங்களுக்கும் தண்ணியைக் கெட்டியாக்க இந்தப் பொடிதான் வேணுமாம். 2012-ல விதை குவிண்டால் 30,000 ரூபாய் கிட்டப் போய், அந்த மார்ச்சுல முன்பேர வியாபாரத்தையே நிறுத்திட்டாங்க. திரும்பத் திறக்க 2013 மே ஆச்சு.

விதையில மூணுல ஒரு பங்குதான் கம்மாம். "மிச்சம் சூரி, கோர்மா"ன்னான் பையன். "கோர்மான்னா பரோட்டாவுக்கா?"ன்னு மைனி ஆசையா கேக்கா. மாட்டுத் தீவனம்டி! எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துட்டு.

இவ்வளவும் கேட்டுட்டு மைனி, "நம்ம புளியங்கொட்டை எதுக்கும் ஆகாதோ?"ன்னா. ஆகுமாம். 1940-கள்ல டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல கோஷ், கிருஷ்ணான்னு ரெண்டு பேர், நூலுக்குக் கஞ்சி போட அந்தப் பருப்புப் பொடி ஆகும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ஜப்பான்ல அதைச் சுத்தம் பண்ணி சாஸ்ல சேக்காங்களாம். நாம என்னடான்னா ஒரு பக்கம் தரையில தேச்சு வெள்ளையாக்கித் தாயம் போட்டோம், மறுபக்கம் சூடு வச்சு விளையாண்டோம்.

கெளம்பும்போது பையன் ரெண்டு பொட்டலம் குடுத்தான். பூ இல்லை, அல்வா இல்லை, பொடி! வீட்டுக்கு வந்து ரெண்டு டம்ளர் பச்சத்தண்ணி எடுத்தேன். 412-ஐ ஒரு ஸ்பூன் கொட்டினா, உள்ள மாவு நனையாம கட்டி கட்டியா மேல மெதந்து மீன் கண்ணு மாதிரி முழிக்கி. போன் போட்டுக் கேட்டேன், சீனியோட கலந்து தூவணுமாம். அப்படித் தூவிக் கலக்குனா கொஞ்ச நேரத்துலயே வெண்டைக்காய்க் கொழகொழப்பு. 410-ஓ பெரிய இடத்து மருமக மாதிரி அடியில போய் உக்காந்துட்டு, பெருசா அசையல. அடுப்புல ஏத்தி, கொதி வரப்போற நேரத்துலதான் மனசு இளகுச்சு. ஆனா சும்மா சொல்லக்கூடாது, சாந்தன்னு இன்னொரு கம்மோட சேந்தா 410 கட்டியா உறையும். 412-க்கு அந்த வித்தை வராது.

பெரிய இடம்னாலும் அதுக்கும் குத்தம் இல்லாம இல்லை. 2021-ல கேரப் கம்ல எத்திலீன் ஆக்சைடு இருக்குன்னு ஐரோப்பாவுல ஐஸ்கிரீமையெல்லாம் கடையில இருந்து திரும்ப எடுத்தாங்க. நம்ம கவாரும் யோக்கியம் இல்லை, 2007-ல டையாக்சின்னு மாட்டிக்கிட்டு.

மைனி இப்ப, "மருமகன் 410, ஃபாரின் சரக்கு"ன்னு தெருவெல்லாம் சொல்லுதா. நான் ஒத்துக்க மாட்டேன். ஹோட்டல்ல பொண்ணு ஒரு தடவை சிரிச்சதும் பையன் ஐஸ்கிரீம் கப்பை மறந்துட்டு உக்காந்திருந்தான். பச்சத்தண்ணியிலயே கரைஞ்சவன், சுத்தமான 412. நம்ம பொண்ணுதான் 410. இன்னும் "சரி"ன்னு சொல்லல. வர்ற ஞாயிறு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன், கொஞ்சம் சூடு காட்டிப் பாக்கணும்.

நீ கல்யாணத்துக்கு வரும்போது சீனியவரைக்காய் வத்தல் மறக்காதே.

உன்
பழைய பெஞ்சுக்காரி