காதுக்கு வரவேண்டிய ஆங்கிலம்: ஐ.இ.எல்.டி.எஸ். லிசனிங் குறிப்புகள்

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் லிசனிங், அதாவது கேட்டு விடையளிக்கும் பிரிவு: நான்கு பகுதி, 40 கேள்வி, ஏறக்குறைய 30 நிமிடம். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்ற இரண்டு தேர்வு வகைகளுக்கும் லிசனிங் ஒன்றேதான். தப்பான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் கிடையாது; எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள். சுமார் 23 சரியென்றால் பேண்ட் 6. சுமார் 30 என்றால் 7. பலருடைய வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கை இந்த ஏழு விடைகளில்தான் நிற்கிறது.

*

தமிழ்வழியில் படித்து வருகிறவர்களுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் கண் வழியாக வந்தது. படித்தால் புரிகிற வாக்கியம் கேட்டால் நழுவிவிடுகிறது. உடனே ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்று முடிவுகட்டுகிறார்கள். அது உண்மையில்லை. தமிழில் நாம் அசைகளை ஓரளவு சமமாக ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் முக்கியமான சொல்லுக்கு மட்டும் அழுத்தம் விழும், மற்றவை நசுங்கும். ‘ஷுட் ஹாவ்’ என்பது பேச்சில் ‘ஷுடவ்’ ஆகிவிடும். தெரிந்த சொல்தான், அதன் ஒலிதான் புதிது.

*

தினமும் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதி மதிப்பெண் எண்ணுவதைவிட, ஒரு நிமிட ஒலிப்பதிவை எடுத்து நிறுத்தி நிறுத்தி அப்படியே எழுதிப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் மாதிரித் தேர்வுப் புத்தகங்களின் பின்பக்கம் உரையாடல் முழுதாக அச்சாகியிருக்கும். ஒப்பிட்டு, காதில் விழாத சொற்களைச் சிவப்பு மையில் குறியுங்கள். பிறகு பேசுகிறவரோடு சேர்ந்து நீங்களும் சொல்லுங்கள். வாய் பழகினால் காதும் பழகும். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

*

முதல் பகுதியில் இப்படி வரும்: விடுதியில் அறை கேட்டு ஒருவர் போன் செய்கிறார். 13ஆம் தேதி வேண்டும் என்கிறார். அன்றைக்கு அறை இல்லை, 15 சரிப்படுமா என்கிறார் வரவேற்பாளர். ‘ம்... சரி, அதையே போடுங்கள்.’ விடை 15. முதலில் கேட்ட எண்ணை எழுதிவிட்டு நிம்மதியாகிறவர் இங்கே மதிப்பெண் இழக்கிறார். ‘சாரி’, ‘ஆக்சுவலி’, ‘நோ, வெயிட்’ காதில் விழுந்தால் விடை மாறப்போகிறது என்று பொருள். மற்றவர் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருங்கள்.

எண்களில் 13-க்கும் 30-க்கும் வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது: ‘தர்ட்டீன்’ கடைசியில் அழுந்தும், ‘தர்ட்டி’ முதலில். தொலைபேசி எண்ணில் பூஜ்யத்தை ‘ஓ’ என்பார்கள். 77 ‘டபுள் செவன்’ ஆகும். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ஏ, ஈ, ஐ மூன்றும் குழப்பும். வீட்டில் யாரையாவது பெயர்களை வேகமாக எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிப் பழகுங்கள்.

*

ஒவ்வொரு பகுதிக்கும் முன் கேள்விகளைப் பார்க்க நேரம் தருவார்கள். கோடிட்ட இடத்தில் வரப்போவது எண்ணா, ஊர்ப்பெயரா, பன்மையா என்று அப்போதே ஊகித்துவிடுங்கள். தாளில் ‘சீப்’ என்றிருந்தால் பேச்சில் ‘டஸின்ட் காஸ்ட் மச்’ என்று வரலாம். இரண்டு சொல்லுக்கு மிகாமல் எழுதச் சொன்னால் மூன்றாவது சொல் விடையையே கெடுத்துவிடும். ‘எஸ்’ விட்டுப்போனாலும், எழுத்துப்பிழை இருந்தாலும் தவறுதான். பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துமுறை இரண்டும் செல்லும்.

*

நான்காம் பகுதி ஒரே ஆளின் விரிவுரை. நடுவில் இடைவெளி இல்லை. 33ஆம் கேள்வி தவறிவிட்டதா? விட்டுவிடுங்கள். அதைத் தேடிக்கொண்டிருந்தால் 34, 35-உம் போய்விடும். விடைகள் கேள்வி வரிசையிலேயே வருவதால், ‘மூவிங் ஆன்’, ‘ஹௌவெவர்’ போன்ற சொற்களைப் பிடித்து மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

*

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, வட அமெரிக்கக் குரல்கள் எல்லாம் வரும். பிபிசியின் ‘6 மினிட் இங்கிலீஷ்’ தொடங்க ஏற்றது. ஆஸ்திரேலிய உச்சரிப்புக்கு ஏபிசி வானொலி.

*

காகிதத் தேர்வு நடக்கும் இடங்களில் விடைகளைப் பெயர்த்தெழுத 10 நிமிடம் உண்டு. கணினித் தேர்வில் சரிபார்க்க 2 நிமிடம் மட்டுமே. எதை எழுதப் போகிறீர்களோ அந்த முறையிலேயே பழகுங்கள்.

*

தேர்வுக் கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேல். பல வீடுகளில் அது கடன் வாங்கிய பணம். பயிற்சி மையம் அவசரப்படுத்துகிறதென்று தேதி பதிவுசெய்யாதீர்கள். இதுவரை தொடாத மாதிரித் தேர்வுகளில், நிறுத்தாமல் ஒரே முறை கேட்டு, வேண்டிய மதிப்பெண் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தபிறகு பணம் கட்டுங்கள்.