பரணில் கிடந்த கிட்டார்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது உணவுக்கு மட்டுமே பொருந்தும் என்று எண்ணியிருந்தேன். விளையாட்டுக்கும் அது பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் அறிந்துகொண்டேன்.

வீட்டைச் சுத்தம் செய்த அன்று, அப்பா பரணிலிருந்து நீண்ட அட்டைப் பெட்டி ஒன்றை இறக்கினார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிட்டார்! அதில் கம்பி ஒன்றுகூட இல்லை. கழுத்துப் பகுதியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பொத்தான்கள். மீட்டும் இடத்தில் ஒரு சிறு பட்டை. "அடடே, என் பழைய தோழன்!" என்று சிரித்தார் மாமா. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் படித்தபோது வாங்கியதாம்.

மாமா அதைப் பழைய பிளேஸ்டேஷனுடன் இணைத்துக் காட்டினார். தொலைக்காட்சித் திரையில் சாலைபோல் ஒரு பாதை விரிந்தது. அதில் வண்ண வட்டங்கள் நம்மை நோக்கி வரும். வட்டம் கோட்டைத் தொடும் கணத்தில் அதே நிறப் பொத்தானை அழுத்திப் பட்டையைத் தட்டினால் கிட்டார் ஒலிக்கும். தவறினால் ஒலி அறுந்துபோகும். நன்றாக வாசித்தால் திரையிலுள்ள கூட்டம் ஆரவாரம் செய்யும். ஒரே வாரத்தில் நான் கைதேர்ந்துவிட்டேன்!

"இவ்வளவு நல்ல விளையாட்டு ஏன் மாமா பரணுக்குப் போயிற்று?" என்று கேட்டேன். மாமா அதன் கதையைச் சொன்னார்.

திரையைப் பார்த்துக் காலால் தாளமிடும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' 1998-இல் ஜப்பானில் பிறந்தது. 'கிட்டார் ஹீரோ' 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 2007-இல் வந்த அதன் மூன்றாம் பாகம் மட்டுமே நூறு கோடி டாலருக்கு மேல் விற்றது. அதே ஆண்டில் கிட்டார், டிரம், மைக் எல்லாம் சேர்ந்த 'ராக் பேண்ட்' வந்தது. அந்தப் பெரிய பெட்டியின் விலை ஏறத்தாழ 170 டாலர். பிறகுதான் ஆசை அளவு மீறியது. 2009 என்ற ஒரே ஆண்டில் புதிது புதிதாகப் பல பெட்டிகள் கடைக்கு வந்தன. பாடல்கள்தாம் மாறின, விளையாட்டு மாறவில்லை. பொருளாதார நெருக்கடியில் இருந்த மக்கள் அலுத்துப்போனார்கள். 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் நிறுவனம் கிட்டார் ஹீரோ பிரிவையே மூடிவிட்டது. 2015-இல் இரு விளையாட்டுகளும் மீண்டும் வந்தும் பழைய புகழ் திரும்பவில்லை. 2018-இல் வந்த 'பீட் சேபர்' போன்றவற்றில் இவ்வகை விளையாட்டு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் கிட்டார் இருந்த அந்தக் காலம் போய்விட்டது.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில், பாடகர் குழுவுக்காக சிஸ்டர் எனக்குக் கிட்டார் கற்றுத் தந்தார்கள். கம்பிகள் விரல் நுனியை அறுப்பதுபோல் வலித்தன. கைதட்ட அங்கே யாரும் இல்லை. மூன்றாம் வாரம், "விரலில் புண், சிஸ்டர்" என்று பொய் சொல்லி நின்றுவிட்டேன்.

ஒரு நாள் மாலை நான் அந்தப் பிளாஸ்டிக் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. பழக்கத்தில் என் கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் 'டக், டக்' என்ற சத்தம்தான் கேட்டது. "கரண்டு வரும்வரை ஒரு பாட்டு வாசி கண்ணு" என்றார் பாட்டி. நான் என்ன வாசிப்பேன்? ஒரு வாரமாக நான் கேட்டதெல்லாம் வேறு யாரோ வாசித்த இசை! வெட்கத்தால் வாய் திறக்க முடியவில்லை.

பள்ளி திறந்த முதல் வாரமே சிஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. என் இடக்கையைப் பிடித்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு தங்கள் விரல்களைக் காட்டினார்கள். நுனிகள் காய்த்துப் போயிருந்தன. "புண் இல்லை என்று எனக்கு அன்றே தெரியும். நீயே வருவாய் என்று காத்திருந்தேன்" என்றார்கள். என் கண்கள் கலங்கின.

மீண்டும் வாசிக்கத் தொடங்கியபோது சிஸ்டர் வியப்புடன், "தாளம் மட்டும் பிசகவில்லையே, எங்கே கற்றாய்?" என்று கேட்டார்கள். பரணில் கிடந்த தோழனுக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

அன்புத் தோழியரே! விளையாட்டு தீயதன்று, அது எனக்குத் தாளம் தந்தது. ஆனால் பாட்டை அதனால் தர இயலவில்லை. இப்போது எனக்கு மூன்று கார்டுகள் வாசிக்க வரும். நான்காவது இன்னும் வலிக்கிறது. சென்ற ஞாயிறு மின்சாரம் நின்றபோது பாட்டிக்கு ஒரு பாட்டு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கூட்டம் ஆரவாரிக்கவில்லை, பாட்டி மட்டும் கை தட்டினார். அது போதும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி