வன்னிச் சிறுவரும் வெண்திரையும்

வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கிக் கண்டி வீதியிற் செல்பவர்களுக்கு வன்னி என்பது வழியில் வரும் காடாகவே தோன்றும். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். முறிகண்டிப் பிள்ளையார் கோயில் முன்றிலில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறி அமர்ந்தால், கிளிநொச்சியும் பரந்தனும் தாண்டி ஆனையிறவு வந்துவிடும். இவ்வாறு போகின்றவர்கள் வன்னியைக் கடந்தவர்கள், கண்டவர்கள் ஆகார்.

காண விரும்புகிறவர் மாங்குளம் சந்தியிற் கிழக்கே திரும்பி முல்லைத்தீவு வீதியிற் செல்லவேண்டும். இருமருங்கும் பாலையும் முதிரையும் வீரையும் செறிந்த காடு. காடு விலகுமிடத்திற் குளம். குளத்தின் கீழே வயல். வயலோரம் பத்துப் பதினைந்து வீடுகள். ஒட்டுசுட்டானிலே தான்தோன்றீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். அயலிலுள்ள கற்சிலைமடு, 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகக் கூறும் நடுகல்லினாற் பெயர் பெற்றது. இன்னும் கிழக்கே சென்றால் முள்ளியவளை, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில், நந்திக்கடல். அப்பால் முல்லைத்தீவுக் கடற்கரை.

2011ஆம் ஆண்டுக் கோடையில் நாமும் எம் மாணாக்கர் சிலரும் இவ்வழியே சென்றோம். ஊர் காண்பது மாத்திரம் எமது நோக்கமன்று. அவ்வட்டாரத்துப் பாடசாலை ஒன்றிற் பிள்ளைகளுக்குத் திரைப்படம் காட்டவேண்டும் என்று அங்குள்ள ஆசிரியர்கள் கேட்டிருந்தனர். உரிய இடங்களில் அனுமதியும் கிடைத்தது. ஒளியெறி கருவியும் கணினியும் மின்பிறப்பாக்கியும் இரவல் வாங்கினோம். எஞ்சியது ஒரே கேள்விதான்: எந்தப் படத்தைக் காட்டுவது? எளிய கேள்வி போலத் தோன்றிய அது, ஒரு திங்கள் முழுவதும் எம்மைச் சிந்திக்க வைத்தது.

இருள் சூழ்ந்த இருபது ஆண்டுகள்

இலங்கையிலே தொலைக்காட்சி 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியுடன் தொடங்கி, 1982இல் ரூபவாஹினியுடன் நாடெங்கும் பரவலாயிற்று. அதற்கு முற்பட்ட தலைமுறையினர் தொலைக்காட்சி பாராமைக்குக் காரணம், அது நாட்டில் இல்லாமையே. ஆனால் வன்னிப் பிள்ளைகளின் கதை வேறு. 1990ஆம் ஆண்டு ஆனியிற் போர் மீண்டும் மூண்டபின், பெருநிலத்தின் பெரும்பகுதி மின்சாரத்தை இழந்தது. வவுனியாவுக்கு வடக்கே புகையிரதமும் நின்றது. மக்கள் துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. மின்பிறப்பாக்கி இருந்த இடங்களிற் படம் பார்த்தோர் உண்டு. 2005இல் விடுதலைப் புலிகள் கிளிநொச்சியிலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பும் நடத்தினர். ஆயினும் குளத்தோரத்துச் சிற்றூர்களில் மாலை ஆறரைக்குப்பின் குப்பி விளக்கே வெளிச்சம்.

2009 வைகாசியிற் போர் முடிந்தது. முட்கம்பி வேலிக்குள்ளே மெனிக் பாம் முகாமிற் பல மாதங்கள் இருந்த குடும்பங்கள் சிறிது சிறிதாக ஊர் திரும்பின. அம்முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 புரட்டாதியிலேதான். நாம் சென்றபோது வீடுகள் பல தறப்பாளின் கீழ் இருந்தன. பாதைக்கு வெளியே கால் வைக்கவேண்டாம் என்று கண்ணிவெடி அறிவித்தற் பலகைகள் மண்டையோட்டுப் படத்துடன் எச்சரித்துக்கொண்டிருந்தன. பாடசாலையில், "தொலைக்காட்சி பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றபோது மேல் வகுப்புகளிற் சில கைகள் உயர்ந்தன. கீழ் வகுப்புகளில் ஒரு கையும் உயரவில்லை.

தொலைக்காட்சி பாராத பிள்ளைகள் கதை பார்க்கத் தெரியாத பிள்ளைகள் என்று பட்டணத்தார் எண்ணிவிடலாகாது. முல்லைத்தீவு வட்டாரம் கூத்துக்குப் பேர்போனது. கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் விடிய விடிய ஆடப்பட்ட மண் அது. முல்லைமணி அவர்கள் பண்டாரவன்னியன் கதையை நாடகமாக எழுதியதும் இம்மண்ணின் உரத்தினாலேயே. அம்மம்மாவின் மடியிற் கிடந்து கூத்துப் பார்த்த பிள்ளைக்கு எங்கே சிரிக்கவேண்டும், எங்கே மூச்சடக்கவேண்டும் என்பதை நாம் போய்க் கற்பிக்கவேண்டியதில்லை.

தள்ளியவையும் கொண்டவையும்

முதலில் எமது மாணாக்கர் ஒரு பட்டியல் தந்தனர். அதிற் தலைநின்றது மணிரத்தினத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. 2002இல் வந்த அப்படத்தின் கதை மாங்குளத்தைத் தொட்டுச் செல்வது; தமிழிலே அமைந்தது; ஒரு சிறுமியைப் பற்றியது. இவற்றினும் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்று அவர்கள் வாதித்தனர். ஆனால் அப்படத்திலே குண்டு வெடிக்கிறது. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தை ஓடிவந்து இரண்டாண்டுகள்தாம் கழிந்த பிள்ளைகளுக்கு அதனை வெண்திரையில் மீண்டும் காட்ட நாம் யார்? ஊர்ப்பெயர் பொருந்திவிட்டதனால் படமும் பொருந்திவிடாது.

அடுத்தது சார்லி சப்ளினின் 'த கிட்'. 1921இல் வந்த பேசாப்படம், மொழித் தடையில்லை, சிரிப்புக்குக் குறைவில்லை. ஆயினும் அதிகாரிகள் வந்து அநாதைச் சிறுவனை வண்டியில் ஏற்றிச் செல்லும் காட்சியும், அவன் கைகூப்பிக் கதறுவதும் எம்மைத் தயங்க வைத்தன. எமக்கு முன்னே அமரப்போகும் பிள்ளைகளிற் தாய் தந்தையரை இழந்தோர் எத்தனை பேர் என்பதை அவ்வாசிரியர்கள் விரல்விட்டு எண்ணிக் காட்டினர். ஆகவே அதனையும் விலக்கினோம். வேட்டைக்காரன் துப்பாக்கிக்குத் தாய்மான் இரையாகும் 'பம்பி' சித்திரப் படமும் அவ்வாறே விலகிற்று.

காலமும் கருதவேண்டியிருந்தது. பொழுது சாய்ந்தால் யானை வரும் ஊர் அது. ஆகையாற் சிறுவர்க்கான படம் பிற்பகலிலேயே முடிந்து, வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் வீடு சேரவேண்டும். வகுப்பறைச் சன்னல்களைத் தறப்பாளால் மூடினோம். சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே இழுத்துக் கட்டினோம். மின்பிறப்பாக்கியின் இரைச்சல் கேளாதபடி நீண்ட கம்பியிட்டு அதனைக் கிணற்றடிக்கு அப்பால் வைத்தோம். தகரக் கூரையின் வெக்கை தாளாதது. எனினும் வாங்குகளை நீக்கிவிட்டு நிலத்திற் பாய் விரித்து அமர்ந்த பிள்ளைகளில் ஒருவரேனும் அசையவில்லை.

முதல் நாள் காட்டியது அல்பேர் லமொரிஸ் 1956இல் எடுத்த 'சிவப்புப் பலூன்' என்னும் பிரெஞ்சுப் படம். நீளம் 34 நிமிடம். பேச்சு மிகச் சொற்பம். பாரிசு நகரத்துச் சிறுவன் ஒருவனை ஒரு சிவப்புப் பலூன் நாய்க்குட்டி போலப் பின்தொடர்கிறது. அவன் பள்ளிக்குச் சென்றால் அதுவும் செல்கிறது. ஈற்றிலே வம்புக்காரச் சிறுவர் சிலர் கெற்றப்போலால் அடித்து அதனை வீழ்த்துகின்றனர். பலூன் மெல்ல மெல்லச் சுருங்கியபோது வகுப்பறையில் எழுந்த அமைதி எம்மை அச்சுறுத்தியது. அடுத்த கணம் நகரத்துப் பலூன்கள் யாவும் திரண்டு வந்து அச்சிறுவனை வானத்தில் உயர்த்திச் செல்கின்றன. விமான ஒலி கேட்டாற் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய பிள்ளைகள் அன்று வானத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தனர்.

படம் முடிந்ததும் பத்து வயதிருக்கும் பையன் ஒருவன் எழுந்து, "சேர், அந்தப் பெடியள் ஏன் பலூனை அடிச்சு உடைச்சவங்கள்? அது அவங்களுக்கு என்ன செய்தது?" என்று கேட்டான். எம்மிடம் விடை இல்லை. அவனைச் சுற்றியிருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு விடை கூறினர். பொறாமை என்றாள் ஒருத்தி. அவர்களுக்கு வேறு விளையாட்டுச் சாமான் இல்லை என்றான் இன்னொருவன். அரைமணி நேரப் படத்துக்கு அரைமணி நேரப் பேச்சு. அவ்வளவு காலம் அப்பிள்ளைகள் ஒரு பொருளைப் பற்றி வாய்திறந்து வாதிட்டதைத் தாம் கண்டதில்லை என்றார் வகுப்பாசிரியை.

மறுநாள் மஜித் மஜிதி 1997இற் தந்த 'சொர்க்கத்தின் குழந்தைகள்' என்னும் பாரசீகப் படம். தங்கையின் சப்பாத்தைத் தொலைத்த அண்ணன், தன் சப்பாத்தையே இருவரும் மாறி மாறி அணிய வழி செய்கிறான். ஓட்டப் போட்டியில் மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து என்று அறிந்து மூன்றாமவனாக வர முயன்று, முதலாமவனாக வந்து அழுகிறான். பேசாப்படக் காலத்திலே தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் ஒருவர் திரையருகே நின்று கதை சொல்வது வழக்கம். அம்முறையைப் பின்பற்றி எம் மாணாக்கர் ஒருவர் உரையாடலைத் தமிழிற் சொல்லிவந்தார். ஆனாற் சற்று நேரத்தின்பின் அவர் வாயை மூடச் சொல்லிப் பிள்ளைகளே சைகை காட்டினர். முடிவிலே தந்தையின் துவிச்சக்கரவண்டியிற் புதுச் சப்பாத்துகள் கட்டியிருப்பது ஒரு நொடி தோன்றி மறையும். எம் கல்லூரி மாணாக்கர் பலர் காணத் தவறிய அக்காட்சியைக் கண்டு, "அப்பா வாங்கிட்டார்!" என்று கூவினாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி. பாராத கண்கள் கூரிய கண்கள் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

புகையிரதம் வந்த இரவு

மூன்றாம் நாளிரவு மேல் வகுப்பினர்க்கும் பெற்றோர்க்கும் என்று சத்தியஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை ஒதுக்கியிருந்தோம். இப்படம் வந்தது 1955இல். அதற்கு மறுவருடம் 'யாழ்தேவி' தன் முதற் பயணத்தைத் தொடங்கிற்று. சிறுமி துர்க்கையும் தம்பி அப்புவும் நாணற் பூக்களினூடே ஓடிப் புகையிரதத்தைக் காணும் காட்சியை உலகம் அறியும். அக்காவின் சாவு அதில் வருவதாற் சிறுவர்க்கு அதனைக் காட்டவில்லை. சாவை வெட்டி நீக்கிக் காட்டவும் எமக்கு மனம் ஒப்பவில்லை.

அவ்விரவில் அமர்ந்திருந்த மாணாக்கருட் பலர் தம் வாழ்நாளிற் புகையிரதத்தைக் கண்டறியாதோர். மாங்குளத்திலே தண்டவாளம் இருந்த இடம் காடாகிக் கிடந்தது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்டன. ஆகவே அப்புவோடு சேர்ந்து அவர்களும் அன்றுதான் முதன்முதலாகப் புகையிரதத்தைக் கண்டனர். பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், "உதிலைதான் நான் கலியாணம் முடிச்சு வந்து மாங்குளத்திலை இறங்கினனான்" என்று உரத்துச் சொன்னார். பிள்ளைகள் திரும்பி, திரையை விட்டு அவரைப் பார்த்தனர். வடபகுதிப் புகையிரதம் கிளிநொச்சியை மீண்டும் அடைந்தது 2013 புரட்டாதியில். யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 ஐப்பசியில்.

பிறநாட்டு அனுபவம்

இந்தியாவிலே 1975 ஆவணி முதலாந் திகதி தொடங்கி ஓராண்டு காலம், அமெரிக்கச் செய்ம்மதி ஒன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழங்கப்பட்டது. காலைவேளை நிகழ்ச்சிகள் பள்ளிச் சிறுவர்க்கென்றே, அவரவர் மொழியில், புதிதாக ஆக்கப்பட்டன. முன்பின் பாராத பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்ற கேள்வியை ஓர் அரசே பெருங்கேள்வியாகக் கொண்டது என்பது இதனாற் புலனாகும். எமது நாட்டிலும் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1954இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவுக்காக, வரண்ட வலயம் மலேரியாவை வென்ற வரலாற்றைக் குறும்படமாக்கினார். மலேரியாவால் நலிந்த வன்னிக்கு அது தன் கதையே.

2022இற் தமிழ்நாட்டு அரசு பாடசாலைகளிலே மாதந்தோறும் சிறுவர் படம் காட்டும் திட்டம் தொடங்கியபோது, முதற்படமாகத் தேர்ந்தது நாம் விலக்கிய 'த கிட்' படத்தையே. அவர்கள் தேர்ந்ததும் முறை. நாம் விலக்கியதும் முறை. படம் ஒன்றுதான், அதன் முன்னே இருக்கும் பிள்ளை வேறு.

இன்று அக்காட்டுவழிக் கிராமங்களுக்கும் மின்கம்பம் வந்துவிட்டது. அன்று பாயில் அமர்ந்து பலூனைப் பார்த்தவர்கள் தாய் தந்தையராகும் வயதினர். அவர்களின் பிள்ளைகள் நடை பழகுமுன்பே கைத்தொலைபேசியிற் படம் பார்க்கின்றனர். பாராத பிள்ளை என்ற கவலை நீங்கியது. ஆனாற் தேர்ந்து தருவார் இன்றித் தனியே பார்க்கும் பிள்ளை என்ற புதுக்கவலை பிறந்திருக்கிறது. பெற்றோர்க்கும் இளம் ஆசிரியர்க்கும் நாம் கூறக்கூடியது இதுதான்: திங்களுக்கு ஒரு படமாவது நீங்கள் முதலில் முழுவதும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பிள்ளை எதற்கு அஞ்சும், எதை இழந்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அயல்வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து ஒன்றாக அமர்ந்து காணுங்கள். படம் முடிந்தபின் அரைமணி நேரம் அவர்கள் பேசட்டும், நாம் கேட்டுக்கொண்டிருப்போம்.