அந்தியேட்டிக்கு முன்

2024 யூன் 6, பாரிஸ்

காலை ஆறரைக்குக் கைபேசியில் அம்மாவின் செத்தவீடு. ஊரில் பத்து மணி. தம்பி பிடித்த வீடியோக்காரர் கெட்டிக்காரப் பெடியன்தான், ஆனால் இணையம் அறுந்தறுந்து வந்தது. சுண்ணம் இடிக்கத் தொடங்கியபோது படம் நின்றுவிட்டது, மாமாவின் கை உலக்கையோடு மேலே தூக்கியபடி. சத்தம் மட்டும் ஓடியது. உரல், திருப்பொற்சுண்ணம் பாடுகிறவரின் சுருதி சேராத குரல், படலைக்கு வெளியே பறை. பறையைக் கைபேசி தாங்காது. தகரத்தில் கல் எறிந்ததுபோல் கேட்டது.

கண்ணீர் வரவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கு நேரமாகிறது என்று பாண் வாட்டினேன்.

என் பயணப் புத்தகம் அகதிக்குக் கொடுக்கிற புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர.

யூன் 7

கனடாவிலிருந்து அக்கா வரிசையாகச் சொன்னாள். கோயில் இல்லை, மச்சம் இல்லை, பாட்டு இல்லை. 31ஆம் நாள் அந்தியேட்டி முடியட்டும்.

யூன் 9

ஐரோப்பியத் தேர்தல் முடிவு வந்த கையோடு மக்ரோன் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார். என் மனுசன் ரீவியைப் போட்டார். செய்தி பார்க்கலாமாம், பாட்டுத்தான் கூடாதாம். செய்திக்கு முன்னால் வருகிற இசைக்கு மட்டும் சத்தத்தைக் குறைத்தார்.

யூன் 13

பிள்ளையின் இசைப்பள்ளியிலிருந்து ஒரு தாள். 21ஆம் திகதி, வெள்ளி, மாலை ஆறு மணிக்கு சென் மார்த்தன் கால்வாய் ஓரம் அவர்களுடைய குழு வாசிக்கிறது. இவள் இரண்டாம் கிளாரினெற். கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை. மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அறைக்குள் போய்விட்டாள். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

அம்மா அந்தக் கிளாரினெற்றை நாயனம் என்றுதான் சொல்லுவா. ஞாயிறு தோறும் வீடியோவில், "எங்கே, உன்ர நாயனத்தை எடுத்து ஊது பாப்பம்." இவள் மொசார்ட்டில் கொஞ்சம் வாசிப்பாள். அம்மா தொடையில் ஆதிதாளம் போடுவா. தாளம் ஒருநாளும் பொருந்தியதில்லை. இரண்டு பேரும் நிறுத்தியதுமில்லை.

யூன் 16

இசைப்பள்ளித் தாளின் பின்பக்கத்தில் 21ஆம் திகதி இசைத் திருநாளின் கதை. 1982இல் ஜாக் லாங் கலாசார அமைச்சர். இசைக்குப் பொறுப்பாக இருந்தவர் மொரிஸ் ஃப்ளூரே. பிரான்ஸில் 50 இலட்சம் பேர் ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள், இளையவர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் என்று ஒரு கணக்கெடுப்புச் சொன்னதாம். அவ்வளவு பேரும் எங்கே வாசிக்கிறார்கள்? கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள். பகல் நீண்டிருக்கிற யூன் 21இல் எல்லாரும் தெருவுக்கு வந்து வாசியுங்கள், கேட்கிறவரிடம் காசு வேண்டாம் என்று அறிவித்தார்கள். இப்போது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.

எனக்கு அப்போது மூன்று வயது. எங்கள் ஊரில் தெருவில் வாசிக்க அமைச்சர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயில் மேளமும் செத்தவீட்டுப் பறையும் தெருவால்தான் போகும். (யார் எதை அடிக்கலாம், அடித்தவருக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி என்பது வேறு கணக்கு. அதை அம்மா பேச விடமாட்டா.) அடுத்த வருச யூலையில் தமிழருக்கு எதிராகத் தெருவில் நடந்தது பாட்டு அல்ல.

யூன் 19

கீழே கபே வைத்திருப்பவர் கதவைத் தட்டினார். அல்ஜீரியாக்காரர், கபிலியப் பக்கம். இத்தனை வருசத்தில் மேலே ஏறி வந்ததே இல்லை. கையில் ஒரு தட்டு பேரீச்சம்பழம்.

"வெள்ளி இரவு வழக்கம்போல் வாசலில் பாட்டுக்காரரை இருத்தப் போகிறேன். மந்தோலின், மேளம், ஸ்பீக்கர் எல்லாம் வரும். உங்கள் வீட்டில் துக்கம் என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கும் நாற்பதாம் நாள் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்."

மற்ற நாளில் இரவு பத்துக்கு மேல் கதிரை இழுபட்டாலே மூன்றாம் மாடிக்காரர் பொலிசைக் கூப்பிடுவார். அந்த ஓர் இரவுக்குத்தான் நகரம் கண்டும் காணாமல் இருக்கும். சில மெற்றோக்கள்கூட விடியவிடிய ஓடும். அந்த இரவின் வியாபாரம் கபேக்காரருக்கு எவ்வளவு என்று தெரியாதவளா நான்? பிறகு ஏன் என்னிடம் கேட்க வேண்டும்? கேட்காமல் நடத்தியிருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திட்டிக்கொண்டு படுத்திருப்பேன். சுகமாக இருந்திருக்கும்.

"அம்மாவுக்குப் பாட்டுப் பிடிக்குமா?" என்றார்.

"பிடிக்கும். ஆனால் நாங்கள் போடக்கூடாது."

"நீங்கள் போடவில்லையே மதாம். நான்தானே போடுகிறேன்."

அதற்குள் இவர் உள்ளேயிருந்து வந்து, தாராளமாக நடத்துங்கள் என்று கைகொடுத்து அனுப்பிவிட்டார். செத்தது ஆருடைய அம்மா? இரவு முழுக்க இவரோடு கதைக்கவில்லை. பேரீச்சம்பழத்தையும் தொடவில்லை. காலையில் பார்த்தால் தட்டில் கொட்டை மட்டும்.

யூன் 20

வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணினேன். அக்காவுக்குச் சொல்லவில்லை.

யூன் 22

நேற்று எழுதவில்லை.

கேட்கப் போகவில்லை, பிள்ளையைக் கூட்டிவரத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, கால்வாயின் மற்றக் கரையில் நின்றேன். ஒரு கூட்டத்தின் சத்தம் முடிய முன்னர் அடுத்த கூட்டம். அக்கோர்டியனோடு ஒரு கிழவர், அவருக்குப் பக்கத்திலேயே மின்கிற்றார்ப் பெடியள். வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே இவளைக் கண்டுபிடித்தேன். கன்னம் இறுகுவது தெரிந்தது, விரல் ஓடுவது தெரிந்தது, ஒரு சுரம்கூட இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. எனக்குப் பின்னால் பிரேசில் முரசுக்காரர். இடுப்பில் தொங்குகிற பெரிய முரசு, சூர்தோ என்பார்கள். ஒவ்வொரு அடியும் உள்ளங்காலால் ஏறி நெஞ்சுக்குள் விழுந்தது. கைபேசியில் வராமல் போனது இதுதான். பியர்ப் போத்தல்களுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பெடியன் ஒரு கடதாசிக் கைக்குட்டையைத் தந்துவிட்டு மறுபடி ஆடத் தொடங்கினான். முரசுக்காரர் நிறுத்தக்கூடாது என்று இருந்தது.

"கேட்டதா அம்மா?" என்றாள் வரும்போது.

"கேட்டது."

இரவு ஒன்றரை வரை கீழே மந்தோலின். நல்லாகத்தான் வாசித்தார்கள்.

யூன் 24

யாரோ எடுத்த வீடியோ சுற்றிச்சுற்றி அக்காவிடம் போய்விட்டது. என் நீலச் சட்டை தெரிகிறதாம். "அம்மா செத்து ஒரு மாதம் ஆகேல்ல." வைத்துவிட்டாள்.

யூன் 30

வாக்களிப்பு. எங்களுக்கு வாக்கில்லை. இவர் பகல் முழுக்க ரீவிக்கு முன்னால்.

யூலை 4

கீரிமலையில் அந்தியேட்டி முடிந்தது. தம்பி படங்கள் அனுப்பினான். நேரலை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

மாலையில் இவர், "இனிப் போடலாம்தானே" என்று பாட்டைப் போட்டார். பாதியில் நிற்பாட்டச் சொன்னேன்.

"அப்ப இன்னும் எத்தனை நாள்?"

தெரியாது என்றேன்.

யூலை 8

அக்கா இன்னும் தொலைபேசியை எடுக்கவில்லை. கிளாரினெற்றில் ஒரு சாவி இறுகிவிட்டதாம். சனிக்கிழமை திருத்தக் கொடுக்க வேண்டும்.