பூட்டுப் படமும் சித்தியோட ஆதாரும்

போன மாசம் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்க, செஞ்சியில ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தா டெஸ்க்டாப் முழுக்க யார் யாரோட ஆதார், பாஸ்புக் ஸ்கேன்கள். அதுல ஒண்ணு எங்க சித்தியோடது! போன வருஷம் அவங்களைக் கூட்டிட்டுப் போனது நான். அழிக்காம வந்ததும் நானேதான். இ-காமர்ஸ் பேப்பர்ல நல்ல மார்க் வேற :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். முறையைக் கொண்டுவந்தது. நாம் தட்டும் கார்டு எண்ணை அது சங்கேதமாக மாற்றி அனுப்பும். வழியில் யாராவது பிடித்தாலும் படிக்க முடியாது. பிரவுசரில் தெரிந்த பூட்டுப் படம் அதற்கு அடையாளம். 2000 அக்டோபர் 17-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்தது. 2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் பணம் இணையத்தில் போகும், டிக்கெட் கூரியரில் வரும்!

ஆனால் பூட்டு காப்பது வழியை மட்டும்தான். கார்டு எண்ணை ஏற்கெனவே குறித்து வைத்திருப்பவனை அது தடுக்காது. அதனால்தான் கார்டில் அச்சிடாத இன்னொரு ரகசியமும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது. நம்ம ஓ.டி.பி. அந்த வழியில் வந்ததுதான்.

இந்த ரெண்டு காவலும் எட்டாத ஒரு இடம் இருக்கு. அது நாம உட்கார்ந்திருக்கிற சீட்டு. கடைக்காரர் "ஓ.டி.பி. வந்துச்சா?"ன்னு கேட்டதும் கடையே கேட்கிற மாதிரி ஒப்பிக்கிறோம். 1690-ல் முற்றுகை போட்ட முகலாயப் படை நம்ம செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க 1698 ஆச்சு. நாம ஆறு இலக்கத்தை அரை நிமிஷத்துல கொடுத்துடறோம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியாச்சு. சித்தியோட உரிமையை ஒரு வருஷமா பொதுவுல போட்டு வெச்சது எந்த ஹேக்கரும் இல்லை, நான்.

அவங்க ஃபைலை அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணினேன். மத்தவங்களோடதைத் தொட எனக்கு உரிமை இல்லை. கடைக்காரர்கிட்ட சொன்னேன். "சாயங்காலம் பார்க்கறேன் தம்பி"ன்னார்.

நீங்க கடைசியா எங்கே ஸ்கேன் எடுத்தீங்க? ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க.